இலவச மேமோகிராம் வண்டி வந்தால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடுமா?

பிப்ரவரி 4

ஒரு வாசகர் கேட்டது: "மார்பகப் புற்றுநோயில் ஏழைப் பெண்கள் அதிகம் இறப்பதற்குக் காரணம் அவர்கள் பரிசோதனைக்கு வராததுதான். விழிப்புணர்வு இல்லை. மேமோகிராமை இலவசமாக்கி வண்டியில் வைத்து வீட்டு வாசலுக்கே அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லை என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்."

பிப்ரவரி 4, இரவு

காரணத்தோடு எழுதுகிறேன், தம்பி.

நான் பல வருடம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்த டெக்னீஷியன். இப்போது செய்வது வேறு வேலை. படத்தில் சந்தேகம் வந்த பெண்களை ஃபோனில் பிடித்து, பயாப்ஸிக்கு (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) வரவழைத்து, ரிசல்ட் கைக்கு வந்து சிகிச்சை தொடங்கும்வரை கூடவே நிற்பது. மெஷினுக்கு வராதவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வந்து, படமும் எடுத்து, அதற்குப் பிறகு காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் நோட்டில் அவர்கள்தான் அதிகம்.

முதலில் சில எண்கள். 2022-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள். ஆயுள், கல்வி, வருமானம் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் உச்சியில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். அதே குறியீட்டில் அடியில் இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் இறப்பு 48 பேரில் ஒருவர். நோய் குறைவாகத் தெரிகிற இடத்தில் சாவு அதிகம். இதை விழிப்புணர்வு என்ற ஒரே வார்த்தையில் அடக்க முடியாது.

பிப்ரவரி 5

"அப்படியானால் நோய் கண்டுபிடிப்பதே குறைவு என்றுதானே அர்த்தம்? நான் சொன்னதுதானே அது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு சரி. கண்டுபிடிக்காமலே போகிறவர்கள் உண்டு. ஆனால் கண்டுபிடித்த பிறகும் பிளவு தொடர்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? நோய் உறுதியானவர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் பணக்கார நாடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல். இந்தியாவில் 66, தென்னாப்பிரிக்காவில் 40. இது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் கணக்கு. தாமதமாகக் கண்டுபிடிப்பது இதில் ஒரு பங்கு. கண்டுபிடித்தபின் நடப்பது இன்னொரு பங்கு.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. மேமோகிராம் எடுத்துக்கொள்வதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆனாலும் இறப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். ஹார்மோன் மருந்துக்கும், ஹெர்2 என்ற புரதத்தைத் தாக்கும் மருந்துக்கும் கட்டுப்படாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை அவர்களிடம் இரு மடங்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் நல்ல மருந்து இருக்கிற, ஹார்மோன் சார்ந்த வகையிலும் இடைவெளி இருக்கிறதே! அதை மரபணு மேல் போட முடியாது. படம் எடுத்தபின் பயாப்ஸிக்கு எத்தனை நாள், எந்தத் தரத்தில் மெஷின், காப்பீடு என்ன, மாத்திரையை முடித்தார்களா, இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

ஹார்லெம் கதையை எழுத மறந்தேன். இந்த வேலைக்கு நான் வந்ததே அதைப் படித்துத்தான்.

நியூயார்க்கில் ஹார்லெம் மருத்துவமனை. ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர். 1964 முதல் 1986 வரை அங்கே மார்பகப் புற்றுநோய்க்கு வந்த 606 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலும் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். பாதிப் பேர் வரும்போதே மூன்றாவது, நான்காவது கட்டம், அதாவது நோய் முற்றிய நிலை. ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 39 விழுக்காடு. அவர் இரண்டு காரியம் செய்தார். காசில்லாதவர்களுக்கும் பரிசோதனை கிடைக்க ஏற்பாடு செய்தார். 1990-ல் 'வழிகாட்டி' என்ற ஒருவரை நியமித்தார். அந்த வழிகாட்டி மருத்துவர் இல்லை. சந்தேகம் வந்த பெண்ணின் கூடவே போய், காகிதம், காப்பீடு, பயம், குழந்தையை யாரிடம் விடுவது என்று ஒவ்வொரு முட்டுக்கட்டையாக நகர்த்துகிறவர். 1995 முதல் 2000 வரை வந்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 70 விழுக்காடு.

அதே மருத்துவமனை, அதே மாதிரி ஏழைப் பெண்கள்.

பிப்ரவரி 6

"இரண்டும் செய்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். பரிசோதனை இலவசம் என்பதும் அதில் இருக்கிறதே அக்கா?"

இருக்கிறது. இலவசம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

பிப்ரவரி 9

முகாம் என்றால் எனக்குக் கோபம் வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

வெகு நாளுக்கு முன் ஒரு முகாமில் வேலை செய்தேன். காலையிலிருந்து வரிசை. பேனர், ஃபோட்டோ, எல்லாம் அமர்க்களம். வந்தவர்களில் ஓர் அம்மா, பிறர் வீடுகளில் வேலை செய்பவர். படத்தில் வலது பக்கம் விளிம்பு பிசிறிய ஒரு வெள்ளைப் புள்ளி. படம் படிக்கும் டாக்டருக்கு அது போய், அறிக்கை திரும்பி வந்தபோது முகாம் நடத்தியவர்கள் கலைந்துவிட்டார்கள். அந்த அம்மா கொடுத்திருந்த நம்பர் மகனுடையது. மகன் சிம் மாற்றிவிட்டான். விலாசம் பழைய வாடகை வீடு. அறிக்கை ஒரு மேசை டிராயரில் கிடந்தது. யார் அழைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. நான் அவரை மறுபடி பார்த்தது புற்றுநோய் வார்டில். தோல் புண்ணாகியிருந்தது. "நல்லா இருந்தா கூப்பிடமாட்டோம்னு சொன்னீங்களேம்மா, கூப்பிடல, அதான் நல்லா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.

அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். சொன்ன நாளில் வந்தார். சொன்னதை நம்பினார்.

பிப்ரவரி 10

மேலே எழுதியதைப் படித்த ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார்: "ஆனால் கட்டியைத் தொட்டுப் பார்த்தும் மாதக்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்களே. எங்கள் ஓபியில் தினமும் பார்க்கிறேன். எல்லாப் பழியையும் ஏற்பாட்டின் மேல் போட்டால் எப்படி?"

நியாயமான கேள்வி. படித்ததிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தவர்களிலும் மறைத்தவர்கள் உண்டு. அறிகுறி தெரிந்தபின் மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தால் உயிர் பிழைப்பது குறைகிறது என்பது 1999-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டப்பட்ட விஷயம். அந்த மூன்று மாதம் யாருடையது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

'லேட்டா வந்தவங்க' என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். முதல் தடவை காட்டியபோது "பால் கட்டி, தானாப் போயிடும்" என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! வயது குறைவு, உனக்கெல்லாம் வராது என்று சொல்லப்பட்டவர்கள். வலி இல்லை என்றதும் வைட்டமின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள். இந்த நோயில் ஆரம்பக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை, அது தெரிந்திருக்க வேண்டியது மாத்திரை எழுதியவருக்கு. இவர்கள் வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

உண்மையிலேயே மறைத்தவர்கள் சொல்லும் காரணமும் அறியாமை இல்லை. மார்பை எடுத்துவிடுவார்கள், கூலி போகும், கடன் வரும், கணவர் விட்டுவிடுவார். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது என்பதை அவர்களிடம் ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பயங்களுக்கு பதில் இருந்தால் மறைப்பது குறையும் என்றே நம்புகிறேன். பேனர் அதைச் செய்யாது.

பிப்ரவரி 10

நர்ஸ் சகோதரிக்கு நன்றி. ஓபியிலிருந்து நீங்கள் எழுதுவது எனக்கு வேண்டும். தொடர்ந்து எழுதுங்கள்.

பிப்ரவரி 13

"மேமோகிராம் மெஷினே இல்லாத இடத்தில் என்ன செய்வது? மாதம் ஒருமுறை தானே பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?"

இதற்குப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. சீனாவின் ஷாங்காயில் ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2,66,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்து, பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை. கூடியது புற்றல்லாத கட்டிகளுக்கான பயாப்ஸிகள்தான்.

ஆகவே அட்டவணை போட்டுத் தடவிப் பார்ப்பதைத் திட்டமாக விற்காதீர்கள். தன் மார்பு எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருப்பதும், மாற்றம் வந்தால் உடனே காட்ட ஓர் இடம் இருப்பதும் வேறு விஷயம். அது வேண்டும்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வு எனக்கு இதைவிட முக்கியம். 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள். மருத்துவர் இல்லை, மேமோகிராம் இல்லை. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், மற்றப் பாதியோடு ஒப்பிட்டார்கள். இருபது ஆண்டுக் கணக்கு 2021-ல் வெளிவந்தது. நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது. எல்லா வயதையும் சேர்த்தால் இறப்பு 15 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது, அது உறுதி.

இதை வைத்து "மேமோகிராம் வேண்டாம், கையே போதும், ஏழைகளுக்கு அது போதும்" என்று வாதிடக் கூடாது. அந்தப் 'போதும்' ஆபத்தானது. மெஷின் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 14

ஆண்களுக்கு வருமா என்று ஒருவர். வரும். மொத்தத்தில் ஒரு விழுக்காடு அளவு. வெட்கத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

பிப்ரவரி 17

இதுவரை யாரும் கேட்காத ஒன்று. ஆனால் எனக்கு மனசு ஆறாத ஒன்று.

பயாப்ஸி எடுத்த திசு எங்கே போகிறது தெரியுமா? ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினில், அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தில், இறங்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால், ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருக்கிற கட்டியைக்கூட 'இல்லை' என்று அறிக்கை காட்டக்கூடும். இல்லை என்று வந்தால் அந்தப் பெண்ணுக்கு ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையை எழுதமாட்டார்கள். ஹார்மோன் சார்ந்த புற்றில் ஐந்து ஆண்டு டமாக்ஸிஃபென் சாப்பிட்டால் முதல் பதினைந்து ஆண்டுகளில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பழைய மாத்திரை, மலிவான மாத்திரை. வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த திசு, லேப் மூடியதால் திங்கள் வரை சும்மா கிடந்த ஒரே காரணத்தால் ஒருத்திக்கு அது கிடைக்காமல் போகலாம். இந்த ஏற்றத்தாழ்வு எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

ஃபார்மலின் பாட்டிலும், நேரம் எழுதிய லேபிளும், கொண்டுபோக ஓர் ஆளும் இருந்தாலே பாதி சரியாகும். வண்டி வாங்கும் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

"அதிகம் ஸ்கேன் செய்தால் கெடுதலும் உண்டு என்கிறார்களே?"

உண்டு. மறைக்கக் கூடாது. 2012-ல் பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழுவின் மதிப்பீடு இது: 50 வயதில் 10,000 பெண்களை அழைத்து இருபது ஆண்டு பரிசோதித்தால் 43 இறப்புகள் தடுக்கப்படும், 129 பேருக்கு, வாழ்நாளில் தொந்தரவே செய்திருக்காத புற்று கண்டறியப்பட்டுச் சிகிச்சையும் நடக்கும். அந்தக் குழு பரிசோதனையை நிறுத்தச் சொல்லவில்லை. பெண்களிடம் இதைச் சொல்லிவிட்டு அழையுங்கள் என்றது. ஏழைப் பெண்ணுக்குப் புரியாது என்று நினைத்து இந்த எண்ணை மறைப்பதும் ஓர் ஏற்றத்தாழ்வுதான். நான் சொல்லியிருக்கிறேன். புரிகிறது. கேள்வியும் கேட்கிறார்கள், படித்தவர்களைவிட நறுக்கென்று.

பிப்ரவரி 22

சக்கர நாற்காலியில் வரும் ஒரு வாசகி தனிச்செய்தியில் எழுதியதை அனுமதியோடு இங்கே போடுகிறேன்: "என்னைப் பார்த்ததும் 'எழுந்து நிற்க முடியுமா' என்று கேட்டார்கள். முடியாது என்றதும் 'அப்போ எடுக்க முடியாதும்மா' என்று அனுப்பிவிட்டார்கள்."

முடியும், அம்மா. மெஷினின் தட்டு போதுமான அளவுக்குக் கீழே இறங்குகிறதா, நாற்காலியின் கைப்பிடியைக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் நான் எடுத்திருக்கிறேன். கூட ஓர் ஆள் வேண்டும், இரட்டிப்பு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று இலக்கு வைக்கும் இடத்தில் அந்த இரட்டிப்பு நேரத்தை யாரும் தரமாட்டார்கள். உங்களைத் திருப்பி அனுப்பியது அந்த இலக்குதான். அடுத்த முறை நாள் கேட்கும்போதே "நாற்காலியில் வருகிறேன், இரண்டு பேருக்கான நேரம் வேண்டும்" என்று சொல்லி, சொன்னதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 26

தம்பி மறுபடி வந்திருக்கிறார்: "சரி அக்கா, வண்டி போதாது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குழு முகாம் நடத்துவதாக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ரத்து செய்யவா?"

ரத்து செய்ய வேண்டாம். தேதியைத் தள்ளி வையுங்கள். பயாப்ஸி எங்கே, யார் செய்வார், எத்தனை நாளில் ரிசல்ட், எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு தேதி போடுங்கள். படம் எடுப்பவர்களைவிட, அதற்குப் பின் ஃபோன் செய்பவர் முக்கியம். அவருக்குச் சம்பளம் கொடுங்கள், தன்னார்வலரை நம்ப வேண்டாம். ஒவ்வொருவரிடமும் இரண்டு நம்பர் வாங்குங்கள், ஒன்று பக்கத்து வீட்டாருடையது. நல்ல ரிசல்ட் என்றாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முகாம் முடிந்தபின் எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம் மூன்று எண்களைச் சொல்கிறது. சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களில் பிடிபட வேண்டும். முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் கண்டறிதல் முடிய வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் எழுதிய சிகிச்சையை முடிக்க வேண்டும். இவற்றில் நடு எண்ணை மட்டுமாவது உங்கள் குழு கணக்கெடுக்கட்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் எத்தனை நாள் ஆனது, பணம் இருந்தவருக்கு எத்தனை, இல்லாதவருக்கு எத்தனை. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு எத்தனை முகாம் என்பதைவிட அதைத்தான் படிக்க ஆசை.

மார்ச் 3

சிகிச்சை தொடங்கியும் பாதியில் விடுகிறார்களே என்று நர்ஸ் சகோதரி கேட்டிருந்தார். நேற்றே எழுத நினைத்தேன்.

பாதியில் விடுவதை 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவது வழக்கம். ரேடியேஷனை எடுத்துக்கொள்வோம். முன்பு ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள். தினக்கூலி ஒருத்தி ஐந்து வாரம் தினமும் பஸ் ஏறி வர வேண்டும். விடத்தான் செய்வாள். பிறகு பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் மூன்று வாரத்தில் 15 தடவை கொடுத்தாலும் அதே பலன் என்று காட்டின. 2020-ல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு, ஆரம்பக் கட்டப் புற்றில் ஒரே வாரத்தில் 5 தடவையே போதுமானது என்று ஐந்தாண்டு முடிவுகளோடு காட்டியது. எல்லோருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் பொருந்துகிறவர்களுக்கும் இன்னும் ஐந்து வாரம் எழுதும் இடங்கள் இருக்கின்றன. குறுகிய முறை பொருந்தும் நோயாளிக்கு அதை எழுதுவது, பஸ் கட்டணத்துக்கு உதவித்தொகை கேட்டு அலைவதைவிடப் பெரிய உதவி.

அறுவையில் தாமதம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-ல் பல வகைப் புற்றுகள் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுவது தெரிந்தது. ஒரு கையெழுத்துக்காக, ஒரு ஸ்கேன் தேதிக்காக அந்த நான்கு வாரம் போவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 4

கடைசியாக ஒரு வாசகி: "என் சித்திக்கு நேற்றுதான் பயாப்ஸி. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன கேட்க வேண்டும்?"

ரிசல்ட் வரும் தேதியை வாயால் சொல்ல விடாதீர்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டினால் மறுநாளே நேரில் போங்கள், ஃபோனை நம்பி உட்கார வேண்டாம். புற்று என்று வந்தால் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், சிகிச்சையைத் தீர்மானிக்குமுன் பார்த்துவிடச் சொல்லுங்கள். அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். மெழுகில் பதித்த திசுக்கட்டையும் ஸ்லைடும் கேட்டால் தர வேண்டும், வேறு இடத்தில் இன்னொரு கருத்து வாங்க அது தேவைப்படும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது சித்தி தனியாகப் போகக் கூடாது; நீங்கள் போங்கள், நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் அன்று ராத்திரியே இங்கே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.